கொதிப்பாயியின் அபிப்பிராயம்

உ

இளம்பிள்ளை,
விய வருடம், வைகாசி 7.

மாமா அவர்களுக்கு, மயிலம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் நலம். தறி நலமாக இல்லை. அவ்விடம் நீங்கள் நலமென்று நோட்டீஸ் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என்னையும் தறியையும் விட்டுவிட்டு நீங்கள் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. சேலத்தில் இருக்கிறீர்களா, ரயிலேறி வேறெங்காவது போய்விட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அங்கம்மாள் நேற்றுச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்குப் போய்ப் பொட்டுக்கடலை வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தவள் கடலையை அப்படியே மடியில் கொட்டிக்கொண்டு, சுற்றியிருந்த நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏ மயிலு, இது உன்னையாட்டவே இருக்குது சாமி" என்றாள். வாங்கிப் பார்த்தேன். என்னையாட்ட இல்லை மாமா. நானேதான், வரைந்த கை உங்களுடையது. தாடையில் மச்சம், ஒரு பக்கம் கல் விழுந்துபோன தோடு, இழுத்துச் செருகிய சேலை, எல்லாம் அப்படியே. என் தலைக்குப் பக்கத்தில் ஒரு பனைமரம் நிற்கிறது. அது என் தோளுக்குத்தான் வருகிறது.

"உக்கிரர் வரிசை, மாதம் ஒரு படக்கதைப் புத்தகம். இவர்கள் நல்லவர்களும் அல்ல, கெட்டவர்களும் அல்ல, கோபக்காரர்கள். முதல் புத்தகம் கொதிப்பாயி. கோபம் வந்தால் பனை உயரம் வளர்வாள். எதிரில் நிற்பவன் பிழைக்கமாட்டான்" என்று போட்டிருக்கிறது. இரண்டாவது புத்தகம், கரி போட்டு ஓட்டும் பஸ்ஸை ஒவ்வொரு மேட்டிலும் இறங்கித் தள்ளித் தள்ளி வெறி பிடித்த கிளீனர். மூன்றாவது, ரேஷன் கடை வரிசையில் மூன்று நாள் நின்று கடைசியில் கதவைப் பெயர்த்தவன். அவர்கள் யாரென்று தெரியவில்லை. அவர்கள் வீட்டிலும் இந்நேரம் யாராவது கடலை வாங்கியிருப்பார்கள்.

தெருப் பிள்ளைகள் இப்போது என்னைக் கொதிப்பாயி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தண்ணீர்க் குடத்தோடு நான் வந்தால், வளரப் போகிறாள் என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள்.

நோட்டீஸின் அடியில் அச்சகத்து விலாசம் இருந்தது. வாசகர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதலாம் என்றும் இருந்தது. இதுதான் என் அபிப்பிராயம்.

இப்படிக்கு,
மயிலம்மாள்.

---

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
24-5-1946

என் அருமை மயிலுக்கு, சரவணமுத்து ஆசையுடன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்து மட்டில்லாத மகிழ்ச்சி. நானே எழுதலாமென்று தினமும் நினைப்பேன், நீ இன்னும் கோபமாக இருப்பாயோ என்று விட்டுவிடுவேன்.

விஷயம் இதுதான். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ரயிலில் ஊர் திரும்பினார்கள் அல்லவா? சேலம் ஜங்ஷனில் அவர்கள் போட்டுவிட்டுப் போன படப் புத்தகம் ஒன்று அச்சகத்து முதலாளி கைலாசத்தின் கைக்கு வந்தது. அதில் ஒருவன் மோட்டார் காரைத் தலைக்கு மேல் தூக்குகிறான், ஆனால் அவனுக்குக் கோபமே வருவதில்லை. எப்போதும் நல்லவனாகவே இருக்கிறான். நம் ஜனங்கள் அதை நம்புவார்களா? கோபக்காரர்களைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். முதலாளி உடனே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

கதை கேள். கொதிப்பாயி தறிக்கு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் பாவு போட்டிருக்கிறாள். முறுக்கு மீசை மைனர் ஒருவன் குதிரையில் வந்து பாவை அறுத்துவிடுகிறான். அவள் வளர்ந்து அவனைக் கஞ்சமலைக்கு அந்தப்பக்கம் வீசுகிறாள். எப்படி? உன் முகம் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை. கார்டில் இடம் முடிந்தது.

உன் அன்புள்ள,
சரவணமுத்து.

---

இளம்பிள்ளை,
வைகாசி 15.

மாமா அவர்களுக்கு மயிலம்மாள் எழுதிக்கொண்டது. நலம்.

இனிமேல் தயவுசெய்து கார்டில் எழுதாதீர்கள், உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். தபால்காரர் உங்கள் கார்டைப் பொதுக் கிணற்றடியில் நின்று முழுதும் வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். மைனரைக் கஞ்சமலைக்கு வீசும் இடம் எல்லோருக்கும் பிடித்துப்போய் அதை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்கள். நான் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஊரெல்லாம் இப்போது கேட்கிறது, மயிலு, எந்த மைனர் உன் பாவை அறுத்தான், சொல்லவே இல்லையே என்று. என்ன பதில் சொல்வது மாமா? மைனர் ஏது? குதிரை ஏது? இந்தத் தெருவுக்குள் குதிரை வந்ததை நான் கண்டதில்லை.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். சித்திரையில், யுகம் போலக் காத்திருந்து நூல் கார்டுக்குக் கிடைத்த ரேஷன் நூல் அது. விடியலில் பாவைத் தெருவில் நீட்டினோம். தெருவே வந்து இழைக்குக் கஞ்சி போட உதவியது. பாவின் இந்த முனையை இழுத்துப் பிடிக்கும் தலைக்கயிறு உங்கள் கையில். பாவு நீட்டினால் தலைக்கயிறு பிடித்தவர் அந்தக் கடைசியிலிருந்து "விடு" என்று சத்தம் வரும்வரை என்ன வந்தாலும் விடக் கூடாது என்பது நம் தெருவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். திடீரென்று கோடை மழை பிடித்தது. அந்தக் கடைசியில் நானும் அங்கம்மாளும் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தோம். பாதி தூரம் கூட வரவில்லை, பாவு தொய்ந்து சேற்றில் விழுந்தது. இழை எல்லாம் பின்னிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் கயிறு தரையில் கிடக்கிறது, உங்கள் கையில் பென்சில் இருக்கிறது.

நான் கத்தினேன். அதற்கு நீங்கள் சொன்னதை இங்கே எழுதுகிறேன். மைனர் கதைக்கு நடுவில் எங்காவது செருகிக்கொள்ளுங்கள். "அப்படியே நில்லு மயிலு, அசையாத" என்றீர்கள். என் முகத்தை வரைய வேண்டுமாம்.

அதோடு நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து தறி சும்மா கிடக்கிறது. நான் அங்கம்மாள் வீட்டுத் தறிக்குக் கூலிக்குத் தார் நூல் சுற்றிச் சாப்பிடுகிறேன்.

மயிலம்மாள்.

---

சேலம்.
5-6-1946

அன்பு மயிலுக்கு, சரவணமுத்து எழுதுவது. உறையில்தான் அனுப்புகிறேன், நன்றாக ஒட்டியும் இருக்கிறேன்.

நீ சொல்வது நியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கயிற்றை விட்டது தப்பு. ஆனால் கதை வேறு, நடந்தது வேறு இல்லையா? உன் கடிதத்தில் எழுதியிருந்ததை முதலாளியிடம் கதை போலச் சொல்லிப் பார்த்தேன், யாருடைய கதை என்று சொல்லவில்லை. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "கயித்த உட்டவனெல்லாம் ஒரு வில்லனுங்களா? வில்லனுக்கு மீசை இல்லாம யாருங்க புஸ்தகம் வாங்குவாங்க?" என்றார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

மாதிரிப் பக்கங்கள் மூன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கோபக்காரி என்பதால் உன்னையே கேட்கிறேன், தவறாக நினைக்காதே. கோபம் முதலில் எங்கே தெரியும்? நான் கண்ணில் தொடங்கியிருக்கிறேன். வளரும்போது சேலையும் கூடவே வளருமா என்று அச்சுக் கோக்கிறவர் கேட்கிறார். நீயே சொல்.

உன் அன்புள்ள,
சரவணமுத்து.

---

இளம்பிள்ளை,
வைகாசி 27.

மாமா அவர்களுக்கு.

பக்கங்களைப் பார்த்தேன். சேலை வளராமல் கொதிப்பாயி எங்கே போவாள்? அச்சுக் கோக்கிறவருக்கு இதைச் சொல்லி, அவர் வீட்டுப் பெண்களைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோபம் கண்ணில் தொடங்குவதில்லை. கையில் தொடங்கும். விரல்கள் தாமாக மடங்கும். பிறகு காது அடைத்துக்கொள்ளும். கண் கடைசியில்தான். கண்ணுக்கு வரும்போது பாதி கோபம் அழுகையாகிவிடும், அதைப் பார்ப்பவர்கள் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோபம் வந்தால் யாரும் பனை உயரம் வளர்வதும் இல்லை. நான் அப்படியேதான் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குள் வந்து பார்த்தபோது வீடுதான் சின்னதாகப் போயிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தறி இடித்தது. கோபக்காரியிடம் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் காளியண்ணன் வெண்ணந்தூரிலிருந்து வந்திருந்தார். நோட்டீஸ் அங்கேயும் போயிருக்கிறது. என்னைத் திட்டவில்லை, உங்களையும் திட்டவில்லை. தறியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, "தறியோட வந்துரு சாமி, எங்கூட்டுல எடம் இருக்குது" என்றார். ஆடி பிறந்த அன்றைக்கு மாட்டுவண்டியோடு வருவார். தறியைக் கழற்றி ஏற்றிவிட்டால் நானும் ஏறிவிடுவேன். தறி போன வீட்டில் எனக்கு என்ன வேலை?

ஆயிரம் பேருக்கு என் முகத்தைக் காட்டிவிட்டீர்கள். ஆயிரம் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது சரி, நான் கத்தினேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எதற்குக் கத்தினேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கயிற்றை விட்டவருடைய முகத்தையும் அதே புத்தகத்தில் போடுங்கள். மீசை வைத்த மைனரைப் போட்டீர்களானால் நான் வெண்ணந்தூருக்குப் போனபிறகு அங்கே ஒரு புத்தகம் அனுப்புங்கள், அடுப்புப் பற்றவைக்க ஆகும்.

மயிலம்மாள்.

---

சேலம்.
20-6-1946

மயிலு,

பத்து நாளாக உட்கார்ந்து என் முகத்தை வரைகிறேன். வரவில்லை. உன் முகம் கண்ணை மூடினாலும் வருகிறது, அங்கம்மாள் முகம் வருகிறது, தபால்காரர் முகம்கூட வருகிறது. முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் போய்ப் பார்த்து வரைந்தேன். சவரத்துக்கு உட்கார்ந்த ஒருத்தனின் முகம்தான் வந்தது. பாவு சேற்றில் விழும்போது அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனின் முகம் அது இல்லை.

முதலாளியிடம் மைனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். பக்கம் எல்லாம் வரைந்து அச்சுக்கு மரக்கட்டை செதுக்குகிறவரிடம் போய்விட்டது. கயிற்றை விட்டவன் நிற்கும் கட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

அந்த நேரத்து என் முகத்தைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். எப்படி இருந்தது என்று எழுது. எதையும் குறைக்காமல் எழுது.

சரவணமுத்து.

---

இளம்பிள்ளை,
ஆனி 12.

மாமா அவர்களுக்கு மயிலம்மாள்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். கெட்டவன் முகமாக இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு அன்றைக்கே ஆறியிருக்கும்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் மாமா. கேலிச் சிரிப்பு இல்லை. சந்தையில் தொலைத்ததைத் திரும்பக் கண்டெடுத்தவன் சிரிப்பானே, அந்த மாதிரி. மழை முகத்தில் வழிகிறது, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது, உதடு ஒரு பக்கமாக மேலே போயிருக்கிறது. இடது பக்கம். நான் கத்தக் கத்த அது இன்னும் மேலே போனது.

கல்யாணமாகி ஏழு வருடத்தில் உங்களுக்கு ஒரு தடவை கூடக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஊரார் அதைக் குணம் என்கிறார்கள். சோற்றில் உப்பில்லாவிட்டாலும் அந்தச் சிரிப்பு, பங்காளிகள் வீட்டுச் சுவரை நகர்த்திக் கட்டியபோதும் அந்தச் சிரிப்பு. உங்கள் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் எனக்குக் கோபக்காரி என்று பெயர். அன்றைக்கு நூல் போனதற்கு நீங்கள் என்னோடு சேர்ந்து ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். மழையையாவது திட்டியிருக்கலாம். என் கோபமும் நூலோடு போயிருக்கும்.

முகம் இதுதான். வரைவதும் வரையாததும் உங்கள் இஷ்டம். நூல் கார்டுக்கு இந்த மாதம் நூல் வருமென்கிறார்கள். வந்தாலும் தலைக்கயிறு பிடிக்க இந்த வீட்டில் ஆள் இல்லை.

மயிலம்மாள்.

---

சேலம்.
8-7-1946

மயிலுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அச்சுக் கோக்கிறவர் வீட்டுத் திண்ணையில் மடிமேல் வைத்து எழுதுகிறேன்.

நீ எழுதியபடியே வரைந்தேன். ஒரே தடவையில் வந்தது. இடது உதடு மேலே போன அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். கட்டை செதுக்கக் கொடுத்தேன். சனிக்கிழமை பகலில் அச்சு ஓடத் தொடங்கியது. முதல் தாள் வெளியே வந்ததும் எடுத்துப் பார்த்தேன். கொதிப்பாயி சரியாக இருக்கிறாள், சேறு இருக்கிறது, கயிறு தரையில் கிடக்கிறது, பென்சில் இருக்கிறது. என் முகத்தில் முறுக்கு மீசை இருக்கிறது. முதலாளி எனக்குத் தெரியாமல் கட்டை செதுக்குகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். கேட்டதற்கு, மீசைதானே, இதற்கு என்ன என்று சிரித்தார்.

மயிலு, என் விரல்கள் தாமாக மடங்கின. நீ சொன்னது நிஜம், கையில்தான் தொடங்குகிறது. பிறகு காது அடைத்துக்கொண்டது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நான் மிஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். என் குரல் அப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. கட்டையைப் பிடுங்கி எடுத்தேன், உளியை எடுத்தேன், நின்ற இடத்திலேயே மீசையைச் செதுக்கித் தள்ளினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல வேலையாக வரவில்லை, உளி வழுக்கி மீசையோடு உதட்டிலும் கொஞ்சம் போய்விட்டது. கட்டையைத் திரும்ப மாட்டி, ஓட்டு என்றேன். மிஷின்காரர் பயந்து ஓட்டிவிட்டார். முதலாளி வெளியே போய் வெற்றிலையைத் துப்பி, பயம் தெளிந்து சாயங்காலம் திரும்பி வருவதற்குள் காகிதக்கட்டு முழுவதும் அச்சாகிவிட்டது. காகிதம் கிடைக்காத காலத்தில் அதைக் கிழித்துப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை. அப்படியே கடைக்குப் போகிறது.

என்னை அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார். கிளீனரையும் ரேஷன்காரனையும் வேறு ஆள் வரைவான். அவர்களுக்கு மீசை இருக்கும்.

புத்தகம் ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில், அச்சுக் கோக்கிறவரிடம் முன்பே சொல்லி, பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறேன். "கயிற்றை விட்டவன் இதை வரைந்தவனே." அதை முதலாளி இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நீ சொன்ன முகத்தைப் போடத்தான் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை, உளியோடு போய்விட்டது. அடுப்புக்குத்தான் ஆகுமென்றால் போட்டுவிடு. இந்த வாரம் இந்தத் திண்ணையில் இருப்பேன், அடுத்து எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை, வா என்று எழுத உன்னைக் கேட்கவும் இல்லை.

சரவணமுத்து.

---

இளம்பிள்ளை,
ஆனி 28.

மாமா,

புத்தகம் வந்தது. அங்கம்மாள் கடையில் ஒன்று வாங்கி ஏற்கெனவே தெருவில் வாசித்துவிட்டாள். கடைசிப் பக்கத்து வரியை மட்டும் கிணற்றடியில் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்களாம். இன்று காலை நான் குடத்தோடு போனேன். பிள்ளைகள் கொதிப்பாயி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் யாரும் ஓடவில்லை, ஒருத்தி வந்து குடத்தைத் தூக்கிவிட்டாள்.

சேலை கூடவே வளர்ந்திருக்கிறது. நல்லது.

அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். உதடு பெயர்ந்து, கோணலாக, ஒரு பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. நீங்கள் வரைந்ததிலேயே இவ்வளவு மோசமான படம் இல்லை. பாவு சேற்றில் விழுவதைப் பார்ப்பவனின் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு நான் தேடியது இந்த முகத்தைத்தான். இதை நான் அடுப்பில் போடமாட்டேன். இப்படி ஒரு முகம் உங்களிடம் இருக்கிறதென்று ஏழு வருடமாக என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு உங்களோடு தனியாகச் சண்டை போட வேண்டும், அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

வெண்ணந்தூருக்கு ஆள் விட்டுச் சொல்லிவிட்டேன், அண்ணனுக்கு வண்டி வேண்டாமென்று. முந்தாநாள் கார்டுக்கு நூல் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பாவு போடுகிறோம். கஞ்சமலைப் பக்கம் நேற்று மாலை கருத்திருந்தது, மழை வந்தாலும் வரும். சனிக்கிழமையே வந்துவிடுங்கள். பென்சிலையும் கொண்டு வரலாம், ஆனால் அங்கம்மாளிடம் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கடைசியில் நான் இருப்பேன். விடு என்று நான் சொல்லும்வரை தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நில்லுங்கள். அசையாதீர்கள்.

மயிலு.